முனியாண்டியின் முழங்கால்

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸர் வேலையில் கத்தி பிடிப்பவர் டாக்டர்; கேள்விகளுக்கு மாட்டிக்கொள்பவர் நாம். வார்டு வராந்தாவில் காத்துக் கிடந்த உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கதையை வீட்டில் பேசக்கூடாது என்பாள் என் மனைவி. இப்போது தடுக்க அவள் இல்லை.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கெடாவில் நான் உதவியாக இருந்த டாக்டருக்கு, எலும்பிலும் சதையிலும் வளரும் புற்றுக்கட்டிகளில் ஆராய்ச்சி. எக்ஸ்ரே பிலிம் தீர்ந்துபோனதால், கட்டியை நூலால் அளந்து நோட்டில் எழுதுவார்.

எண்ணெய்

திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து முனியாண்டியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பால் மரம் வெட்டுகிறவன். முழங்காலில் தேங்காய் அளவு வீக்கம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். நீவினால் பரவும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். அவன் மனைவி அஞ்சலை நிதானமாகச் சொன்னாள்: "மூணு மாசமா நான்தான் நீவுறேன் டாக்டரய்யா. தோட்டத்துல எல்லாரும் இளைச்சிட்டோம், அது ஒண்ணுதான் நல்லா வளருது."

சாக்கு மூட்டை

காலைத் தொடையோடு எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். வேலை செய்யாதவனுக்கு அரிசி கிடையாது, காலில்லாமல் எப்படி மரம் வெட்டுவது என்றான் முனியாண்டி. இரண்டு நாள் பிடிவாதம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான்: வெட்டிய காலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் புதைக்கக் கொடுத்துவிட வேண்டும்.

டாக்டர் தலையாட்டினார். ஆனால் கட்டி வளர்ந்திருந்த முழங்கால் துண்டை ஆராய்ச்சிக்கென்று ஜாடியில் போட்டுக்கொண்டார். மீதியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தவன் நான். அஞ்சலை சாக்கைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்: "முட்டி இல்லையே அண்ணே. மேல போனா இவரு எப்படிச் சம்மணம் போட்டு உக்காருவாரு?"

லாரி

புண் ஆறிவரும்போது ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. நான் அன்று கட்டு மாற்ற லயத்துக்குப் போயிருந்தேன். ஆண்களை வரிசையில் நிறுத்தினார்கள். முனியாண்டியும் கட்டையை ஊன்றி நின்றான். சிப்பாய் மேலும் கீழும் பார்த்துவிட்டு அவனை மட்டும் வேண்டாமென்று ஒதுக்கினான். லாரியில் ஏறிய முனியாண்டியின் தம்பி திரும்பிப் பார்த்தான்: "இன்னிக்குக் காலை வரைக்கும் உன்னை நெனச்சுப் பரிதாபப்பட்டேன் அண்ணே."

நோட்டு

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு டாக்டர் முனியாண்டியை வரவழைத்துச் சோதித்தார். கட்டி திரும்பவில்லை. நெஞ்சுக்கும் பரவியிருக்கவில்லை. சந்தோஷமாக 'குணம்' என்று எழுதப்போனார். அந்த லாரியில் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை, தம்பியும்தான். முனியாண்டி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க வெட்டினதால பொழச்சேனா, அந்தச் சிப்பாய் வேணாம்னு தள்ளினதால பொழச்சேனா, எதுன்னு எழுதுவீங்க டாக்டரய்யா?"

எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் எழுதக் கட்டம் போட்ட நோட்டு உண்டு, இதற்கு மட்டும் இன்னும் கட்டம் போடவில்லை.