விரல்களை நம்பாதவள்

கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டுதான் சித்தி உள்ளே வருவாள். மணிக்கட்டின் பின்புறத்தால் விளக்கைப் போடுவாள். நாற்காலியைக் காலால் இழுப்பாள். இரண்டு கைகளும் மார்புக்கு நேரே, கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டை ஏந்தியதுபோல் அந்தரத்தில் நிற்கும். வேலையிலிருந்து வந்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் அவை மெல்லக் கீழே இறங்கி, மற்றவர்களின் கைகளைப்போல ஆகும்.

சித்திக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எலியின் கல்லீரலிலிருந்து மிளகளவு துண்டை எடுத்து, அதன் செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்துத் தர வேண்டும். பதினோரு வருடமாகச் செய்கிறாள். அங்கே அவளுக்குக் ‘கையுறை அக்கா’ என்று பெயர். ஒரு ஜோடிக்கு மேல் இன்னொரு ஜோடி போட்டுக்கொள்வாள். பக்கத்தில் யாராவது மூக்கைச் சொறிந்தால்கூட, அவர்கள் போகும்வரை டியூப்பைத் திறக்க மாட்டாள்.

தன் வேலையை யார் கேட்டாலும் விளக்குவாள். கேட்காவிட்டாலும் விளக்குவாள்.

“செல்லுக்குள்ள ஒரு பீரோ இருக்குன்னு வெச்சுக்கோ. அதுல மூலப்பத்திரம். அதுதான் டி.என்.ஏ. அது லேசுல வெளிய வராது. வேணுங்கற பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பும். அந்த ஜெராக்ஸ்தான் ஆர்.என்.ஏ. அதைப் படிச்சுத்தான் புரோட்டீன் தயாராகும். சோறு செரிக்கறதுலேருந்து முடி முளைக்கற வரைக்கும் ஓடியாடி வேலை பாக்கறது புரோட்டீன்தான். மூலப்பத்திரம் ஓடுமா? ஞாயித்துக்கிழமை உங்க சித்தப்பா மாதிரி, இருந்த இடத்துலயே இருக்கும்.”

“சரி, விரல் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டால் குரல் தாழ்ந்துவிடும்.

“அந்த ஜெராக்ஸைக் கிழிக்கறதுக்குன்னே ஒரு புரோட்டீன் நம்ம தோல்மேல உக்காந்திருக்கு. வைரஸ் கொண்டு வர்ற சீட்டைக் கிழிக்க உடம்பு வெச்ச காவல்காரன். நல்லவன்தான். ஆனா எது வைரஸ் சீட்டு, எது என் சீட்டுன்னு பாக்க மாட்டான். எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடுவான். கொதிக்க வெச்சாக்கூட சாக மாட்டான். ஆறினதும் எழுந்து பழையபடி ஆரம்பிச்சிடுவான்.”

“அந்த மாதிரி ஆளை எனக்கும் தெரியும்” என்பார் சித்தப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

சித்தப்பா முடி திருத்துகிறவர். வீட்டின் கீழ்த்தளத்தில்தான் சலூன். தன் கைகளைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சித்தி அதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. “உங்க பத்து விரல் போதும், எங்க கூடத்துல இருக்கற அத்தனை ஆர்.என்.ஏ.வும் காலி” என்பாள். அதனால்தான் போன மாதம் முன்முடி கண்ணில் விழுந்தபோது, கீழே சலூன் இருந்தும், குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று காகிதம் வெட்டுகிற கத்தரியால் தானே நறுக்கிக்கொண்டாள். சித்தப்பா இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு கூடத்தில் கெட்ட காலம் தொடங்கியது. பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ. நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அதை ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஓடவிடுவார்கள். நல்லதாக இருந்தால் இரண்டு கோடுகள் பளிச்சென்று தெரியும். கிழிந்துபோயிருந்தால் சுவரில் சுண்ணாம்பு வழிந்ததுபோல ஓர் இழுப்பு மட்டும்தான். மூன்று வாரம் தொடர்ந்து இழுப்புத்தான் வந்தது. அந்த ஆர்.என்.ஏ.வை நம்பி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர் தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டார். பேராசிரியை சித்தியைக் கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நல்ல சாம்பிள் வரலைன்னா இந்த வேலையை வெளியில குடுத்துடுவோம். அப்புறம் இங்க உங்களுக்கு வேலை இருக்காது” என்று சொல்லிவிட்டார்.

சித்தி குற்றவாளியைத் தேடினாள். முதலில் மாணவரின் தாடிமேல் சந்தேகப்பட்டாள். பிறகு தண்ணீர் வடிகட்டியைக் கழற்றினாள். கடைசியில் கூடத்தைப் பெருக்கும் அம்மாவிடம் போய், “நீங்க என் மேஜையைத் தொட்டீங்களா?” என்றாள்.

“நான் துடைக்கறது தரையை. உன் எலி என்ன, தரையிலயா படுத்திருக்கு?” என்றார் அந்த அம்மா.

புதன்கிழமை மாலை சித்தி நேராகச் சலூனுக்குள் வந்தாள். சித்தப்பா ஒருவருக்குக் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார். “நான் எங்கதான் தப்பு பண்றேன்? நீங்களே பாருங்க” என்று பையிலிருந்து காலி டியூப்புகளையும், சொட்டுச் சொட்டாக உறிஞ்சி விடுகிற பிப்பெட்டையும் எடுத்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, முழு வேலையையும் வெறுமனே செய்து காட்டினாள். ஒரு டியூப்பைத் திறந்தாள், ஊற்றினாள், மூடினாள். அடுத்ததைத் திறந்தாள்.

சித்தப்பா திரும்பவில்லை. எதிரே இருந்த கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை செய்.”

செய்தாள்.

“மறுபடியும்.”

“விளையாடறீங்களா?”

“செய்யேன்.”

மூன்றாவது முறை பாதியில் நிறுத்தினார். “முன்முடி விழுது. எடுத்துக் காதுக்குப் பின்னால சொருகறே.”

“எப்போ?”

“இப்போ. அதுக்கு முன்னாடியும். நான் எண்ணிட்டேன், ஏழு தடவை. நீ அரைகுறையா நறுக்கினது. சடைக்கும் எட்டாது, காதுலயும் நிக்காது.”

“நான்தான் கையுறை போட்டிருக்கேனே!”

“கை போட்டிருக்கு. காது போட்டிருக்கா?”

நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சிரிக்கப் போய், நுரை வாய்க்குள் போய் இருமினார். சித்தி சிரிக்கவில்லை. கையுறையின் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருடமாக உலகத்தின் விரல்களையெல்லாம் விரட்டிவிட்டு, இந்த மூன்று வாரமாகக் காவல்காரனைத் தன் காதிலிருந்தே அள்ளி அள்ளி டியூப்புக்குள் விட்டிருக்கிறாள்.

நுரைக்காரர் எழுந்து போனதும் அந்த நாற்காலியில் அவளே போய் உட்கார்ந்தாள்.

“வெட்டுங்க.”

“எவ்வளவு?”

“விழ முடியாத அளவுக்கு.”

இருபது வருடமாகத் தலை தலையாகப் பார்த்த சித்தப்பா, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். “அப்புறம் என்னைத் திட்டக் கூடாது” என்றார். “அது என்னால முடியாது. வெட்டுங்க” என்றாள் சித்தி.

வியாழக்கிழமை காலையில் கூடத்தின் காவலாளி அவளை அடையாளம் தெரியாமல் அட்டையைக் காட்டச் சொன்னாராம். வெள்ளிக்கிழமை ஜெல்லை விளக்கின்மேல் வைத்தபோது நடந்ததை மாணவர் பிறகு எங்களிடம் சொன்னார். இரண்டு கோடுகள். நடுவில் எந்த இழுப்பும் இல்லை. பேராசிரியை குனிந்து பார்த்துவிட்டு, “வெளியில எதுவும் அனுப்ப வேண்டாம்” என்று மட்டும் சொன்னாராம். மாணவர் அழுதுவிட்டாராம். சித்தி அவரைத் தள்ளி நின்று அழச் சொன்னாளாம்.

அன்று மாலை சலூனில் கூட்டம். சித்தி உள்ளே வந்தாள். கண்ணாடிக்கு மேலே வரிசையாக ஒட்டியிருந்த முடி அலங்காரப் படங்களை ஒரு நிமிடம் பார்த்தாள். நடுவில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த ஓர் அழகனை உரித்தெடுத்து மேஜைமேல் குப்புறப் போட்டாள். பிறகு பையிலிருந்து அந்த இரண்டு கோடுகளின் படத்தை எடுத்து, அவன் இருந்த இடத்தில் ஒட்டினாள்.