மூன்றாம் மாடி தனா அக்கா

பல்கலைக்கழக விடுதியில் பதிந்துகொள்ளப் போன அன்று, வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி தனலெட்சுமியிடம், "பெற்றோர்கள் எல்லாரும் வெளியே கூடாரத்தில் உட்காருங்கள்" என்று மலாயில் பணிவாகச் சொன்னாள். தனலெட்சுமி தன் பெயருக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தை நீட்டினார். படித்துப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துபோயிற்று. பின்னால் தலையணையும் வாளியுமாக நின்ற தம்பி புவனேஸ்வரன் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தனலெட்சுமிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை. ஆப்பரேட்டராகச் சேர்ந்து லைன் லீடர் வரைக்கும் வந்தவர். அந்த உற்பத்தி லைனையே கம்பெனி மூடியபோது வேறு தொழிற்சாலைக்கு மனுப் போடாமல், வேலை அனுபவத்தைக் காட்டி அதே தீவிலிருந்த பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டார். சமூகப் பணி படிக்க இடம் கிடைத்தது. தொழிற்சாலை பஸ் இல்லாமல், கடலுக்கு அக்கரையிலுள்ள கெப்பாலா பத்தாஸ் வீட்டிலிருந்து பஸ், ஃபெரி, மறுபடியும் பஸ் என்று தினமும் போய்வர முடியாது. முதல் வருட மாணவர்கள் விடுதியில் தங்கியாக வேண்டும் என்பது விதியும்கூட.

அறைத் தோழி லினெட் சித்தியவானிலிருந்து வந்தவள். இருபது வயது. முதல் நாள் "ஆன்ட்டி" என்றாள். இரண்டாம் நாள் யோசித்து "அக்கா" என்று மாற்றிக்கொண்டாள். நல்ல பெண். ஆனாலும் தனலெட்சுமிக்கு அந்த மூன்றாம் மாடியில் கூச்சமாகவே இருந்தது. விடியுமுன் எழுந்து, மற்றவர்கள் வருவதற்குள் குளித்துவிடுவார். உணவகத்தில் பொட்டலம் கட்டி வாங்கிவந்து அறையில் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் பையோடு ஃபெரிக்குக் கிளம்பிவிடுவார்.

ஐந்தாவது வாரம் புள்ளியியல் தேர்வுத்தாள் திரும்பி வந்தது. நூற்றுக்கு இருபத்தெட்டு. தனலெட்சுமி அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாரமும் போறீங்களா அக்கா?" என்றாள் லினெட்.

"போய்தான் படிக்கணும்."

"வீட்டுல படிக்க முடியுதா?"

தனலெட்சுமி மடித்த துணியைப் பையில் அழுத்தித் திணித்தார். "தம்பி புள்ளைங்க ரெண்டும் ஒரே சத்தம்லா. முடியல."

"நாங்க சனிக்கிழமை காலையில கீழ ஸ்டடி ரூம்ல ஒண்ணா உக்காந்து செய்வோம். நீங்கதான் ஒரு நாளும் இருக்க மாட்றீங்க. எங்கள புடிக்கலையா அக்கா?"

"அய்யோ, அப்படி இல்ல லினெட். உங்க நடுவுல வந்து உக்காந்தா நீங்க ஃப்ரீயா பேச மாட்டீங்க."

"ஒரு தடவ வந்து பாருங்கலா."

அன்று தனலெட்சுமி தம்பிக்கு ஃபோன் செய்து, வரவில்லை என்றார்.

மறுநாள் காலை ஸ்டடி ரூமில் ஆறு பெண்கள் இருந்தார்கள். மூன்றாம் மாடித் தலைவி ரொஸ்னா வெள்ளைப் பலகையில் ஒரு வரைபடம் போட்டாள். நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். தனலெட்சுமி அதையே உற்றுப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒவ்வொரு ஷிப்டிலும் பொருள்களை அளந்து அவர் போட்ட அதே கோடுகள்தான். புத்தகத்தில் அவை வேறு பெயரில் இருந்ததால் இத்தனை நாளும் அடையாளம் தெரியவில்லை. அதைச் சொன்னபோது பெண்கள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு அவர் பக்கம் வந்தார்கள். அவருக்குக் கணக்குச் சூத்திரம் புரிய மத்தியானமாயிற்று. யாரும் அவசரப்படவில்லை. பிறகு எல்லாரும் பஸ் பிடித்து லிட்டில் இந்தியா போய் வாழையிலைச் சோறு சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டின்போது ரொஸ்னா விடுதி விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிப் புலம்பினாள். கயிறு இழுக்க எட்டுப் பேர் வேண்டும். மூன்றாம் மாடியில் ஏழு பேர்தான் சேர்ந்திருந்தார்கள்.

"நான் ஃபாக்டரி டீம்ல கடைசி ஆளா நின்னு இழுத்திருக்கேன். ஆறு வருஷம்" என்றார் தனலெட்சுமி, ரசத்தைக் குடித்துக்கொண்டே.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ரொஸ்னா, "இத மொதல்லயே சொல்ல வேணாமா அக்கா" என்றாள்.

போட்டி நாளில் காலிறுதியிலும் அரையிறுதியிலும் மூன்றாம் மாடி ஜெயித்தது. கயிற்றின் கடைசி நுனியை இடுப்பைச் சுற்றிப் பிடித்து, குதிகாலைப் புல்லில் புதைத்து, தனலெட்சுமி போட்ட சத்தம் கூட இழுத்த பெண்களையே திடுக்கிட வைத்தது. இறுதியில் முதல் மாடியிடம் தோற்றுப் புல்லில் மல்லாந்து விழுந்தார்கள். லினெட் அவர் மேலேயே விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள். தனலெட்சுமிக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மறுநாள் கையைத் தூக்க முடியாத அவருக்குத் தலை பின்னிவிட்டதும் லினெட்தான்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு முறைதான் ஃபெரி. பருவத் தேர்வில் புள்ளியியலுக்கு பி கிரேடு கிடைத்தது.

இரண்டாம் வருடம் விடுதி கட்டாயமில்லை. அந்த விடுமுறையில் புவனேஸ்வரன், பத்தர்வொர்த்தில் ஒருவர் கெரேத்தா ஓட்டிக்கொண்டு பாலம் வழியாகத் தினமும் தீவுக்குப் போகிறார், அவரோடு போய்வரலாம் என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

"வேணாம்டா" என்றார் தனலெட்சுமி. "நானும் லினெட்டும் ரூமுக்கு எழுதிக் குடுத்துட்டோம். ஜன்னல் பக்கம் கட்டில் யாருக்குன்னுதான் இன்னும் முடிவாகல."