முக்கோணத்தின் மூன்றாவது முனை

யுத்த காலத்தில் மொரப்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணக்கு வாத்தியார். கணக்கை நான் கற்றதைவிடக் கற்பித்ததுதான் அதிகம். ஆனாலும் கரும்பலகையில் கோணம் போடுகிற பெரிய மரக் கோணமானி என்னிடம் இருந்தது. அந்த வட்டாரத்தில் அது இருந்தவன் மேதை.

அடுத்த ஊர்ச் சேரியில் கிணறு கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். முதல் கைநாட்டு ஒரு பெண்ணுடையது. ஊர்க் கிணற்றில் அவர்கள் இறங்கக் கூடாது. ஏரிக்கு அக்கரையில் உள்ள ஓடையில் ஊற்றுத் தோண்டித்தான் குடித்தார்கள். ஏரிக்கரைமேல் கோயில் இருந்ததால் அதன்மேலும் நடக்கக் கூடாது. ஏரியின் வாலைச் சுற்றி, கருவேல முள்ளுக்குள் புகுந்து போய்வர வேண்டும். விசாரிக்க வந்த அதிகாரி, கணக்குத் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிப் போனார். அவரிடம் ஒரு விதி இருந்தது: அரை மைலுக்குள் குடிநீர் இருந்தால் புதுக் கிணறு கிடையாது.

"சங்கிலி புடிச்சு அளந்துடலாமே" என்றார் அதிகாரி.

ஊர் மணியக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பக்கம் எங்காளு ஒருத்தனும் கால் வெக்க மாட்டானுங்க. ஒரு முனைய சேரியான் புடிச்சான்னா இன்னொரு முனைய எவன் புடிப்பான்? இரும்புல தீட்டு ஓடுமுங்களே."

நானும் அதிகாரியின் சேவகனும் பிடித்திருக்கலாம். வெயிலையும் முள்ளையும் பார்த்தபோது எங்களுக்கும் இரும்பில் தீட்டு ஓடும் என்றே தோன்றியது.

"தொடாமலே அளக்கலாம்" என்றேன் நான். வாழ்க்கையில் என் பேச்சை நாலு பேர் திரும்பிப் பார்த்துக் கேட்டது அன்றுதான்.

"பாத்தா தீட்டு இல்லியா, மணியக்காரரே?" என்றார் அதிகாரி.

"எட்ட நின்னு பாத்தா இல்லீங்க."

முறை எளிது. சேரி ஓரத்தில் ஒரு முளை. அங்கிருந்து தண்ணீருக்கு மேலாக ஓடைத்துறைக்கு ஒரு நேர்கோடு. அதற்குச் செங்குத்தாக, தச்சனிடம் வாங்கிய மூலைமட்டம் வைத்து, இக்கரை ஓரமாகவே முந்நூறு கெஜம் அளந்து இன்னொரு முளை. இரண்டாவது முளையிலிருந்து துறையைப் பார்த்தால் ஒரு கோணம் கிடைக்கும். அதன் டேன்ஜென்டை முந்நூறால் பெருக்கினால் தூரம். துறை கண்ணுக்குத் தெரிய அடையாளம் வேண்டும் என்றேன். மணியக்காரர் அந்தக் கைநாட்டுக்காரியையே கூப்பிட்டு, அவள் பானைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்.

"அத தலைமேல வெச்சிக்கிட்டு தொறையில நில்லு. துண்டு வீசுனா வா. அசையாத."

"கெணறு குடுப்பாங்களா சாமி?"

"நீ அசையாம நின்னா குடுப்பாங்க."

அவள் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்வரை நாங்கள் புளியமர நிழலில் இளநீர் குடித்தோம். பிறகு அக்கரையில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. துளியும் ஆடவில்லை. அவ்வளவு நல்ல முனை எனக்கு அதற்குப் பிறகு எந்த முக்கோணத்திலும் வாய்க்கவில்லை. கோணம் எழுபது பாகை. தூரம் எண்ணூற்று இருபத்து நாலு கெஜம். அரை மைலுக்கு எண்ணூற்று எண்பது.

மணியக்காரர் துண்டை வீசினார். நான் கணக்கைச் சுத்தமாக எழுதி முடித்து, அதிகாரி அதைப் படித்துப் பாராட்டி, சேவகன் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள். போன கையோடு பானை நிறையத் தண்ணீரும் எடுத்து வந்திருந்தாள். காலில் முள் கிழித்து ரத்தம்.

"கிட்டத்துலதாம்மா இருக்கு. அரை மைல்கூட இல்ல" என்றார் அதிகாரி.

அவள் ஏரியைப் பார்த்தாள். "அது எந்த வழிங்க சாமி?"

"நேர் வழி."

"அதுல எங்கள உட்டதில்லீங்களே. ஏரித் தண்ணி நிக்குதுங்க."

சேவகன் சிரித்தான். மணியக்காரரும் சிரித்தார்.

எனக்கு வேறு கவலை. கோணமானி ஒன்றரைப் பாகை பிசகியிருந்தால் தூரம் அரை மைலைத் தாண்டிவிடும். "இன்னொரு தரம் பார்த்துவிடலாம்" என்றேன். அவள் முகம் அப்படி மலரும் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீரைக் குடிசையில் ஊற்றிவிட்டு, வெறும் பானையோடு ஏறக்குறைய ஓடினாள்.

வெள்ளைப் புள்ளி மறுபடி தெரிந்தது. மறுபடியும் எழுபது. கணிதம் யாருக்காகவும் மனம் மாறுவதில்லை. அதிகாரியோ அவள் முள்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தபோதே மனுவைத் தள்ளிக் கையெழுத்துப் போட்டிருந்தார், ரயிலுக்கு நேரமாகிறதாம். என் எழுபதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. எல்லாரும் வண்டிப் பக்கம் போயிருந்தார்கள்.

வண்டியில் ஏறிய பிறகு மணியக்காரரிடம் சொன்னேன்: "துண்டு வீசலீங்களே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்கதான சொன்னீங்க வாத்தியாரே, கிட்டத்துலதான்னு? வண்டி போறத பாத்துட்டு வந்துருவா."

மாடுகள் நடந்தன. ஏரியின் திருப்பம்வரை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளைப் புள்ளி அசையவில்லை. எங்கள் வண்டி நகர நகரக் கோணம்தான் குறைந்துகொண்டே வந்தது.