இங்கிலீஷில் என் அப்பா

முந்தின சனிக்கிழமை ஒரு பொய் பிடிபட்டது. பதினொரு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பொய்!

இருபத்தேழு வயதில் மறுபடி ஏ.எல். உயர்தரப் பரீட்சை எடுக்கப் போகிறேன் என்று இந்தப் பக்கத்தில் முன்பே தம்பட்டம் அடித்திருக்கிறேன். ஒரே ஒரு பாடம் — ஆங்கிலம். அந்த நாளில் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, "அதுக்குப் படிப்பிக்க ஆள் இல்லைப் பிள்ளை, புவியியல் எடுங்கோ" என்றார்கள். எடுத்தேன். பட்டமும் வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆனாலும் பஸ்ஸில் யாராவது ஒரு பிள்ளை ஏ.எல். ஆங்கிலக் கவிதைப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தால், இறங்கும்வரை என் கண் அதிலேயே இருக்கும்.

ஆகவே சனிதோறும் சண்டிலிப்பாயிலிருந்து வட்டுக்கோட்டைக்கு ஸ்கூட்டியில் டியூசன். வகுப்பில் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேருக்கும் நான் 'அக்கா'.

"கவிதைக்கு விளக்கம் எழுத முதல், சொந்தமா ஒரு பக்கம் எழுதப் பழகுங்கோ. தலைப்பு, அப்பா" என்றார் படிப்பிக்கிற சேர்.

கை தானாக ஓடியது. முதல் ஆளாக நீட்டினேன். இருபதுக்குப் பதினெட்டு!

"அப்பா வாத்தியாரோ? எந்தப் பள்ளிக்கூடம்? எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் சேர்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியாருக்கு இன்னொரு வாத்தியாரைத் தெரியாமல் இருக்குமா? பக்கத்தில் இருந்த துஷா என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சேர், அவர் என்ரை அப்பாவும்தான்! என்ரையிலையும் காலமை அஞ்சு மணிக்கு எழும்பிப் பேப்பர் வாசிக்கிறார்!"

பதினாறு வயதில் எழுதும் ஓ.எல். பரீட்சைக்கு நாங்கள் எல்லோரும் பாடமாக்கிய வழிகாட்டிப் புத்தகத்து அப்பா அவர். ஆசிரியர். அன்பானவர். பரம்பரை பரம்பரையாக மாணவர்களுக்கு ஏ தரச் சித்தி வாங்கிக் கொடுத்தவர்.

என் அப்பா புகையிலைத் தோட்டக்காரர். ஒன்பது வயதில் மண்வெட்டி பிடித்தவர். கையெழுத்து மட்டும் போடுவார்.

நான் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "இண்டைக்கு என்ன எழுதினனீ?"

"உங்களைப் பற்றி..." வாய் தவறிவிட்டது.

"வாசி பாப்பம்!"

ரேடியோவை நிறுத்திவிட்டு, ஒரு சொல்லும் விளங்காமல், கடைசி வரி வரை தலையாட்டிக் கேட்டார். "நல்லாக் கிடக்கு. உதிலை நான் என்ன செய்யிறன்?"

உண்மையைச் சொன்னேன்.

"வாத்தியாரோ... நானோ? அப்ப கொம்மாவை என்னவாக்கினனீ, டொக்டரோ?"

"என்னை விடுங்கோ, எனக்கு இஞ்சை அடுப்பு எரியுது" என்றார் அம்மா குசினியிலிருந்து.

அப்பா சிரித்து முடித்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"பிள்ளையளுக்கு அடிக்கிறவரோ அவர்?"

"இல்லையப்பா. எல்லாருக்கும் ஆறுதலாச் சொல்லிக் குடுப்பார்."

"ம்... நல்ல மனுசன்." அந்த வாத்தியாரிடம் தானும் படித்திருக்கலாம் என்று அப்பா நினைத்தாரோ... தெரியாது. கேட்க எனக்குத் துணிவில்லை.

இந்தக் கிழமை முழுக்க உண்மையான அப்பாவை எழுதிப் பார்த்தேன். புகையிலைக் குருத்து முறித்து முறித்துப் பிசினால் கறுத்த விரல்கள். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும்போது வாய்க்காலுக்குள் நிற்பார்; பாத்தி நிறைந்ததைக் கண்ணால் பார்க்கமாட்டார், கால் சொல்லும். உடனே மண்ணை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்புவார். தமிழில் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள்! இங்கிலீஷில் இதற்கு எனக்கு ஆறு வரி பிடித்தது. ஆறிலும் பிழை.

எவ்வளவு காலம் ஏங்கிய மொழி! அதற்குள் என் அப்பா வந்து நிற்க ஒரு அடி இடம் பிடிக்க முடியவில்லை என்றால் எப்படி இருக்கும்?

நேற்றைய வகுப்பில் அந்தத் தாளைக் கொடுத்தேன். சிவப்பு மையால் நிரம்பித் திரும்பி வந்தது. "பிழை கனக்க. ஆனா விட்டிடாதேங்கோ" என்றார் சேர்.

அப்பா வாசல் படலையடியிலேயே காத்திருந்தார். "எனக்கு எத்தினை?"

"பதினொண்டு."

"அந்த வாத்தியாருக்கு?"

"பதினெட்டு."

அப்பா கொஞ்சமும் கோபிக்கவில்லை. "வரும்தானே பிள்ளை... அவர் படிச்ச மனுசன்."

பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அந்த ஏழு புள்ளியையும் என் அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்காமல் நான் இந்த இங்கிலீஷை விடுவதாக இல்லை!