ஃப்ரிட்ஜை எதன் மேல் வைத்தீர்கள்?

யாழினி, கதிர்... இந்த வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை இரண்டு பேரும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். வழக்கமாகப் படிக்கிற மற்ற வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்தில் உட்காரலாம், தப்பில்லை. ஆனால் எழுதுவது உங்களுக்குத்தான். ஏனென்றால், உங்களை ஒரு பொய்யில் கூட்டுச் சேர்த்தவன் நான்.

எந்தப் பொய்? "நம்ம தெருவுல வெள்ளத் தண்ணி வராது."

பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கதிருக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். "அப்போ நம்ம செருப்பு மிதந்துகினு போச்சே, அது?" என்று அவன் கேட்டான். பதில் இல்லாத அப்பாக்கள் என்ன செய்வார்கள்? முறைத்தேன்.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் காபி நிறத்தில் ஒரு கோடு நிற்கும். தை பிறப்பதற்குள் தெருவே பெயின்ட் வாளியோடு வாசலுக்கு வந்துவிடும். ஊரெல்லாம் பண்டிகைக்கு வெள்ளையடிக்கிறது. நாங்கள் அந்தக் கோட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். கோடு தெரிந்தால் கீழ்வீட்டுக்கு யார் குடி வருவார்கள்?

நாம் மாடி கட்டி ஏறியது போன வருடம். கீழ்வீட்டைப் புதுசாக்கி வாடகைக்கு விடுவது இதுதான் முதல் தடவை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். கணவருக்கு ஐ.டி. வேலை. மனைவியின் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கீழே விட்டதும் புது டைல்ஸ் தரையில் விறுவிறுவென்று தவழ்ந்து மூலை மூலையாகப் போய்த் தொட்டுப் பார்த்தது.

"மழைக்குத் தண்ணி ஏறுமா சார்?" அந்தப் பெண் கேட்டார்.

"சேச்சே!" என்றேன்.

அவர்கள் அடுத்த மாதம் பால் காய்ச்சுவதாக முடிவாயிற்று.

இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ஆட்கள் வந்தார்கள். நீங்கள் ஆவடியில் பெரியம்மா வீட்டில் இருந்தீர்கள். காலை பத்து மணி. எதிர்வீட்டு முருகேசன் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாமே, காலேஜ்லர்ந்து சர்வே வந்துகினு கீறாங்க. தண்ணியே வர்லன்னு சொல்லிடு. இன்னா? நம்ம தெரு பேரு கெட்டுச்சுன்னா அப்பறம் ஒருத்தன் வரமாட்டான்."

"சரி அண்ணாத்தே" என்றேன். தெருவே ஒரே குரலில் பேசத் தயாராக இருந்தது. இவ்வளவு ஒற்றுமையைக் குப்பை வண்டி விஷயத்தில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்போம்!

ஐந்து பேர். எல்லோருக்கும் ஒரே படிப்பு இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒருவர் தண்ணீர் ஓடும் விதத்தைப் படிக்கிறவர். முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் மழைக்குப் பிறகு வரும் காய்ச்சலைப் படிக்கிறவர். ஒருவர் பொருளாதாரம். புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட ஒரு அம்மா, மின்சாரத் துறைப் பேராசிரியை. நம் வாசலுக்கு வந்தது தேன்மொழி என்கிற பெண். சமூகவியலில் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

"அண்ணா, அந்தப் பெரிய மழைல உங்க வீட்டுல எவ்ளோ தண்ணி வந்துச்சு?"

"கணுக்கால் கூட நனையலைம்மா."

எழுதிக்கொண்டாள். சந்தேகமாக ஒரு பார்வைகூட இல்லை. முருகேசன் அண்ணன் தன் வீட்டு கேட்டில் சாய்ந்தபடி, 'சபாஷ்' என்பது போலத் தலையாட்டினார். தேன்மொழி, வீட்டில் எத்தனை பேர், எந்த வருடம் கட்டினது என்று ஏதேதோ கேட்டாள். நானும் லேசாகிவிட்டேன். பிறகு, டீ ஆறுகிறதே என்று சொல்வது போல, சாதாரணமாகக் கேட்டாள்.

"அன்னிக்கு ஃப்ரிட்ஜை எது மேல தூக்கி வெச்சீங்கண்ணா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது என் சொந்த ஐடியா அல்லவா?

"கட்டில் மேலம்மா! ஆனா வெறும் கட்டில் பத்தாது. கட்டில் கால் முழுசா முழுகிப்போச்சுல்ல... அதனால கட்டில் மேல ரெண்டு ஹாலோ பிளாக், அது மேல ஒரு பலகை, அதுக்கு மேல..."

அங்கே நின்றேன்.

உள்ளேயிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது. "சொல்லுங்க, சொல்லுங்க. கணுக்கால் நனையாத தண்ணியில கட்டில் எப்படி முழுகிச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க!"

"போச்சுரா!" முருகேசன் அண்ணன் தலையில் கை வைத்தார். "உன்னப்போயி நம்பனேன் பாரு, நைனா!"

தேன்மொழி சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க பேரோ கதவு நம்பரோ எங்கயும் வராதுண்ணா. யாரும் வேணும்னு பொய் சொல்றதில்ல. சொல்றதுக்கு சங்கடமா இருக்கிற விஷயத்தை மூஞ்சிக்கு நேரா கேட்டா, அது கேக்கறவங்க தப்பு. எப்படிக் கேக்கணும்னு எங்களுக்கு ஒரு பாடமே இருக்கு" என்றாள்.

ஒரு மனிதனைத் தலைகுனிய வைக்காமல் அவனிடமிருந்து உண்மையை வாங்க ஒரு பாடம்! பிள்ளைகளே, நான் ஐ.டி.ஐ. முடித்தவன். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் நீலத் தண்ணீரும், பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டமும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். ஃப்ரிட்ஜில் ஆரம்பிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? நானே டேப் எடுத்து வந்தேன். கட்டிலின் கால் ஒன்றரை அடி. கருவிக்காரர் எழுதிக்கொண்டார். அவர் கணக்குப்படி எங்கள் முனை தெருவிலேயே பள்ளம். "தண்ணி மொதல்ல உங்க வாசலுக்குத்தான் சார் வரும். அப்புறமாத்தான் எதிர்வீட்டுக்கு. நீங்க குரல் கொடுத்தா மத்தவங்க சாமான ஏத்திக்க நேரம் கிடைக்கும்" என்றார். இத்தனை வருடம் எதிரெதிரே இருக்கிறோம். எங்களுக்கு இது தெரியாது. ஏன் தெரியாது? தண்ணீரைப் பற்றிப் பேசவே கூடாது என்று இருந்துவிட்டோமே!

எல்லாம் அவர்களுக்கும் தெரியும் என்று சொல்ல மாட்டேன். தாளில் ஒரு கேள்வி இருந்தது. வெள்ளம் வந்தால் இடம்பெயர்வதற்கான திட்டம் என்ன? அதற்குள் எங்கள் பக்கம் வந்துவிட்டிருந்த முருகேசன் அண்ணன் சொன்னார்: "சேக்காட்டுல எம் மச்சினி ஊடு கீது. அவ கதவத் தொறந்தா அதான் பிளானு. தொறக்கலன்னா வேற பிளான் இல்ல." அதற்குத் தாளில் கட்டம் இல்லை. தேன்மொழி ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

பேராசிரியை அம்மா மட்டும் கீழ்வீட்டுக்குள் போய் நின்றார். நானும் போனேன். புது பெயின்ட், புது டைல்ஸ். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வயரிங் யார் செஞ்சது?"

"நான்தான் மேடம். மண்ணூர்பேட்டைல ஒரு கம்பெனியில மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன்."

"நீட்டா இருக்கு. பிளக் பாயின்ட்டை ஏன் இவ்ளோ கீழ வெச்சீங்க?"

தரையிலிருந்து ஒரு சாண். வயர் வெளியே தெரியாது, சுவர் அழகாக இருக்கும், இப்போதெல்லாம் ஃபிளாட்டுகளில் இப்படித்தான்... சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணால் அளப்பது தெரிந்தது. கட்டில் காலை மூழ்கடித்த தண்ணீர் மறுபடி வந்தால், அந்த உயரத்துக்கு எவ்வளவோ முன்னால் இந்த மூன்று பிளக்கையும் தொட்டுவிடும். அந்த மழையில் ஏரியாவுக்கே மின்சாரத்தை முன்கூட்டி நிறுத்தியிருந்தார்கள். அதனால் பிழைத்தோம். எல்லா மழைக்கும் அப்படி நிறுத்துவார்களா?

"யாரு குடி வராங்க?" என்று கேட்டார்.

"ஒரு கைக்குழந்தைக்காரங்க மேடம்."

அவர் மறுபடி அந்தப் பிளக்கைப் பார்த்தார். எனக்கு அது போதும். கம்பெனியில் தரை ஈரமாகும் என்பதற்காக ஒவ்வொரு சாக்கெட்டையும் இடுப்புக்கு மேல் பொருத்தியவன் நான். என் வீட்டில் ஏன் கை தாழ்ந்தது? தண்ணீர் வராது என்று ஊரிடம் சொல்லிச் சொல்லி... கடைசியில் என் கையும் அதை நம்பிவிட்டது.

"உண்மையச் சொல்லிட்டா அப்பறம் வாடகைக்கு இன்னா மேடம் வழி?" வாசலில் முருகேசன் அண்ணன் விடவில்லை.

"அதுக்கு எனக்குப் பதில் தெரியாதுங்க. எங்க பொருளாதாரக்காரருக்கும் இன்னும் தெரியாது. ஒருத்தர் மறைச்சா எல்லாரும் மறைக்க வேண்டியிருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சிருக்காரு. அந்த முடிச்சை எங்க அவிழ்க்கிறதுன்னுதான் தேடிக்கிட்டு இருக்கார்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அவர் மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது அங்கேதான். யோசித்துப் பாருங்கள். தண்ணீரைப் படித்தவருக்கு நாங்கள் பொய் சொல்வோம் என்று தெரியாது. பொய்யைப் படித்தவளுக்குப் பிளக் பாயின்ட் கண்ணில் படாது. மின்சாரம் படித்தவருக்குத் தண்ணீர் எந்த உயரம் வரும் என்று யாராவது சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு இரும்பு உருப்படி கடைசல் எந்திரத்தில் ஏறி, துளை போட்டு, சாணை பிடித்து, நாலு கை மாறித்தானே வெளியே வருகிறது? படிப்பும் அப்படித்தான் போல. என்ன, எங்கள் தெருவில் அது ஒரே காலையில் நாலு கை மாறியது.

அன்று சாயங்காலம், கீழ்வீட்டுக்குக் குடி வருவதாக இருந்த தம்பிக்கு போன் செய்தேன். உள்ளதைச் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

"சொல்லியிருக்கணும் தம்பி. தப்புதான்."

அவர்கள் வரவில்லை. வேறெங்கோ முதல் மாடியில் வீடு பிடித்துவிட்டதாக இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது. உங்கள் அம்மா, "நல்லதாப் போச்சு, கொழந்த பத்தரமா இருக்கட்டும்" என்றாள். முருகேசன் அண்ணன் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. வீடு காலியாகத்தான் இருக்கிறது. இனிமேல் யாராவது கேட்டால், கதிர், செருப்பு மிதந்த கதையை நீ தாராளமாகச் சொல்லலாம்.

நேற்று நீங்கள் டியூஷனுக்கும் அம்மா கோயிலுக்கும் போன பிறகு, மெயினை அணைத்துவிட்டு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே இறங்கினேன். புதுச் சுவரைக் கொத்தினேன். மூன்று பிளக் பாயின்ட்டையும் பிடுங்கி, என் நெஞ்சு உயரத்தில் பதித்தேன். பழைய ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

வரப்போவது யார் வீட்டுக் குழந்தையோ... அதன் கைக்கு எட்டாது.