வெடிக்கு அசராத பிள்ளை

மாரிசெல்விக்கு உட்காரத் தெரியாது. பால்வாடி டீச்சராகிப் பதினேழு வருஷம் ஆகிறது. அரசாங்கம் கொடுத்த நாற்காலி இன்னும் புதுக்கருக்குக் குறையாமல் இருக்கிறது. மல்லாங்கிணறு பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிறந்து, பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் சிவகாசியில் அச்சாபீஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். பெற்ற இரண்டும் காலேஜுக்குப் போய்விட்டன. விடிந்ததும் ஊர்ப் பெண்கள் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். அவர்கள் பெற்ற இருபத்திரண்டும் இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றுக்கு மூக்குச் சிந்திவிட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று சுவரைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கும். டீச்சர் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பார்கள். சக்கரமாவது ஒன்றாவது! மனசு ஓரிடத்தில் நிற்காத பிறவி, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவளைப் போன மார்கழியில் விருதுநகருக்கு ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டு, காலை பத்து மணியிலிருந்து உட்கார வைத்துவிட்டார்கள். நெளிந்தாள், கொட்டாவி விட்டாள், இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போய் வந்தாள். மதியத்துக்குமேல் ஒரு டாக்டரம்மா பேச வந்தார். அவர் பேசப் பேசத்தான் இவள் நெளிவது நின்றது.

பிள்ளைகள் செய்வதெல்லாம் வெறும் சேட்டை இல்லை என்றார் அவர். எட்டு மாசத்துப் பிள்ளை அன்னியர் முகம் பார்த்து அழுகிறதா? காட்டில் திரிந்த காலத்தில் அப்படி அழுத பிள்ளைதான் தப்பிப் பிழைத்தது; அதன் வம்சம்தான் நாமெல்லாம். இரண்டு வயசுப் பிள்ளை கீரையைத் துப்புகிறதா? நடக்கத் தெரிந்ததும் கண்ட இலையையும் வாயில் போட்டவை அன்றைக்கே போய்ச் சேர்ந்தன, துப்பியவை மிஞ்சின. பிறந்த சிசு பட்டென்ற சத்தத்துக்குக் கையை விரித்துத் தூக்கிப்போட்டு, ஏதோ பிடிமானம் தேடுவதுபோல் சேர்த்துக்கொள்கிறதே, அது குரங்குக் குட்டிபோல் தாயின் ரோமத்தைப் பற்றித் தொங்கிய காலத்து மிச்சமாம். மாரிசெல்விக்கு வாய் பிளந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கீரைக்காகத் திட்டிய திட்டையெல்லாம் யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது?

கடைசியாக டாக்டரம்மா ஒன்று சொன்னார். கையைத் தூக்கிப்போடுவது சில மாசத்தில் மறைந்துவிடும். ஆனால் இமை அப்படியில்லை. கிழடு தட்டினாலும், எத்தனை சத்தத்துக்குப் பழகினாலும், திடீரென்று வெடித்தால் இமை ஒரு தடவையாவது தாழும். காது கேட்டால்.

அந்தக் கடைசி வார்த்தையில் மாரிசெல்விக்கு ஓவியாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

ஓவியா அவள் தெருவில் பாண்டிமுருகன், வள்ளித்தாய் தம்பதிக்குத் தலைப்பிள்ளை. பாண்டிமுருகன் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். அதற்கு முந்தின பங்குனிப் பொங்கலில் பத்தாயிரம் வாலா சரத்தை அம்மன் கோயில் முன்னால் கொளுத்தியபோது, கூட்டத்தில் பாதி காதைப் பொத்திக்கொண்டது. ஒன்பது மாசத்து ஓவியா மட்டும் அப்பன் தோளில் உட்கார்ந்து பொறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இந்த ஊரில் ஆரத்தி எடுத்தார்கள். வெடிக்காரன் பிள்ளை, கருவிலேயே வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தது, அசருமா என்று ஆளுக்கு ஆள் மெச்சினார்கள். மெச்சியவர்களில் முதல் ஆள் மாரிசெல்வி. கண் பட்டுவிடும் என்று தன் கையாலேயே கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். அடுத்த வாரம் எடை போட வந்தபோது, வளர்ச்சி அட்டையில் 'சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா' என்ற கேள்விக்கு நேரே, தட்டிப் பார்க்காமலே ஆமென்று ஒரு டிக் அடித்தாள்.

இப்போது ஓவியாவுக்கு ஒன்றரை வயசு. அம்மா என்றுகூட இன்னும் சொல்லவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று ஊரே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்னதோ வேறு. பேச்சைப் பிடித்துக்கொள்ள மூளைக்கு முதல் சில வருஷந்தான் கெடு. தாமதிக்கத் தாமதிக்க, காதுக்குக் கருவி வைத்தாலும் பலன் குறைந்துகொண்டே போகும்.

பஸ்ஸில் சீட் கிடைத்தும் மாரிசெல்வி நின்றுகொண்டே வந்தாள். இறங்கினவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பாண்டிமுருகன் வீட்டுக்குப் போனாள்.

"பிள்ளைக்குக் காது ஒரு தடவ பாத்துருவமா பாண்டி?" என்றாள்.

பாண்டிமுருகனின் முகம் சுருங்கியது. "ஏன் டீச்சர், நல்லாருக்க பிள்ளைக்கு நோவு தேடுறீக?"

வள்ளித்தாய் எதிரே உட்கார்ந்து பேப்பர் பை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஓவியா அம்மாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாரிசெல்வி பூனைபோலப் பின்னால் போய், எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். ஓவியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

பாண்டிமுருகன் விழுந்து விழுந்து சிரித்தான். "வெடிக்காரன் பிள்ள டீச்சர்! ஒங்க தட்டுக்குத் திரும்பினதே பெருசு. போயி சாப்பிடுங்க, போங்க."

பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வீட்டில் சோறும் இறங்கவில்லை. இந்தப் பாவி மனசு ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் உத்தரத்தில் பல்லி ஓடுவதை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்தால், இருபத்திரண்டு பிள்ளைகளும் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன! யாரும் பல்லி என்று சொல்லவில்லை, கை காட்டவுமில்லை. டீச்சர் கண் போன இடத்துக்குப் பிள்ளைகள் கண்ணும் போனது. இதையும் டாக்டரம்மா சொல்லியிருந்தாரே. பெரியவர்கள் கண் திரும்பும் பக்கம் திரும்பத் தெரிந்த பிள்ளைதான் புலிக்கும் பாம்புக்கும் தப்பியது.

அப்படியானால் நேற்று? கரண்டியை ஓங்கியபோதே வள்ளித்தாயின் கண் நிமிர்ந்து தட்டைப் பார்த்தது. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் ஓவியா திரும்பியிருக்கிறாள்.

பிள்ளைகளை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். பன்னிரண்டு மணிவாக்கில் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். பாண்டிமுருகன் வேலைக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று.

"வள்ளி, நான் சொல்றத மட்டும் செய்யி. பிள்ள மூஞ்சியவே பாரு. வேற எங்கனயும் பாக்காத" என்றாள். வள்ளித்தாயையும் ஓவியாவையும் எதிரெதிரே உட்காரவைத்து, இரண்டு முகமும் பக்கவாட்டில் தெரிய செல்போனில் படம் பிடித்தாள். வள்ளித்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டீச்சர் சொன்னபடியே பிள்ளை முகத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கண்மாய்க்கு அப்பால் முதல் வெடி. பிறகு சற்று நேரம் விட்டு இரண்டாவது, மூன்றாவது.

படத்தை மெதுவாக ஓடவிட்டு வள்ளித்தாயிடம் நீட்டினாள் மாரிசெல்வி. "நீ பொறந்ததுல இருந்து இந்த வெடியக் கேக்குறவ. ஒன் கண்ணப் பாரு, தாயி. அப்புறம் அவ கண்ணப் பாரு."

ஒவ்வொரு வெடிக்கும் வள்ளித்தாயின் இமை தாழ்ந்து எழுந்தது. மூன்று தடவையும் ஓவியாவின் கண் அகல விரிந்தபடியே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வள்ளித்தாய் அதை நான்கு தடவை போட்டுப் பார்த்தாள். அழவில்லை.

"அட்டையில டிக் போட்டது நாந்தான் வள்ளி. பாக்காமப் போட்டேன். ஒம்போது மாசம் போச்சு, எம்மேலதான் தப்பு" என்றாள் மாரிசெல்வி. "பாண்டிகிட்டயும் நானே சொல்றேன். நாளைக்கு மொத வண்டிக்குப் பெரியாஸ்பத்திரி போவோம். கெடு இன்னும் முடியல."

வள்ளித்தாய் அதையெல்லாம் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்படில வேலையா இருப்பேன்க்கா. இவ இங்கன கிடந்து அழுவா. 'இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்'னு கொரல் கொடுத்துக்கிட்டே இருப்பேன். மத்த பிள்ளைக ஆத்தா கொரல் கேட்டா அடங்குது. இவ என்னையக் கண்ணுல காணுற வரைக்கும் அடங்க மாட்டா. என்ன பிடிவாதம்னு ரெண்டு தடவ அடிச்சுப்புட்டேன்க்கா."

மாரிசெல்விக்கு அப்போதுதான் விளங்கியது. குரல் கேட்டால்தானே தாய் பக்கத்தில் இருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரியும்? கேட்காத பிள்ளைக்கு, கண்ணில் படாத தாய் போய்விட்ட தாய்தான். ஒவ்வொரு தடவையும் விட்டுப் போய்விட்டாள் என்றுதான் அழுதிருக்கிறது. இதை வள்ளித்தாயிடம் எப்படிச் சொல்வாள்?

உள்ளே உலை பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. வள்ளித்தாய் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நிலைப்படி தாண்டுவதற்குள் ஓவியாவின் உதடு பிதுங்கியது. "இந்தா வந்து..." என்று வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். உலை வழிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தாள், பிள்ளை தன் முகத்தைப் பார்க்கும்படி முன்னால் குனிந்தாள், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பை அணைக்கப் போனாள்.