பழைய சிரிப்புப் படமும் ஒரு கிலோ திராட்சையும்

மூன்று வருடங்களுக்கு முன், சின்னமனூரில் இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீட்டில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. என் கணவரின் சித்தப்பா, மனைவியை இழந்தவர், வருசநாட்டிலிருந்து வந்தார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் ஆத்தா" என்றவரின் பை ஒன்றரை மாதமாகியும் எங்கள் ஆணியிலேயே தொங்கியது. எனக்கோ வாய் சும்மா இருக்காது. "ஏழரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு" என்று கணவரிடம் தினமும் முணுமுணுப்பேன்.

ஒரு ஞாயிறு மதியம் டிவியில் கறுப்பு வெள்ளை சிரிப்புப் படம் ஒன்று ஓடியது. வந்த விருந்தாளி கிளம்பவே மாட்டேன் என்கிறார். வீட்டுக்காரர்கள் காபியில் உப்பைப் போட்டுப் பார்க்கிறார்கள். கடைசியில் ஊருக்குப் போவதாகப் பொய் சொல்லி வீட்டைப் பூட்டுகிறார்கள். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக, கண்ணில் நீர் வரச் சிரித்தவர் சித்தப்பாதான். எனக்கு அங்கேயே யோசனை பிறந்துவிட்டது.

மறுநாள் காலையில், போடியில் இருக்கும் என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, போனால் நான்கு நாளாகும் என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். அவர் உடனே பையை எடுத்தார். "மொதல்ல ஆத்தாளப் போய்ப் பாரு தாயி" என்றார். தேனி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு, நாங்கள் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டுவிட்டு வீடு திரும்பினோம். சனி விட்டது என்று நான் சிரித்தேன்.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஒங்க சின்ன மாமனார் வந்தாகடி. ஒரு கிலோ திராட்சையும் ரொட்டியும் வாங்கியாந்தாக. நான் வாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டு நின்னேன். என்னயவே பாத்தாக. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்னு சொல்லிட்டு, தண்ணிகூடக் குடிக்காமக் கெளம்பிட்டாக. என்னடி சங்கதி?"

உடம்பு முடியாத சம்பந்தியை விசாரிக்காமல் ஊருக்குப் போக அவருக்கு மனசு வரவில்லை. அந்தச் சாதாரண விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. முந்தின நாள் படம் அவருக்கு நினைவு வந்திருக்கும். ஆனாலும் என் பொய்யை அம்மாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வெட்கத்தோடு போனை வைத்தேன்.

அதன் பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டோம். "பெறகு வாரேன் ஆத்தா" என்பார். வரவில்லை. அடுத்த தையில் இறந்துபோனார். துக்கத்துக்குப் போனபோது பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்து, "நீதான் சின்னமனூர் மருமகளா? முகம் சுளிக்காமச் சோறு போட்டுச்சுன்னு ஒன்னயத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றார். அந்த இடத்தில் அழக்கூட எனக்கு யோக்கியதை இருக்கவில்லை.

அந்தப் படம் இன்னும் டிவியில் வருகிறது. பூட்டுப் போடும் காட்சியில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கோ, போடி வாசலில் திராட்சைப் பையோடு நின்றவரின், நான் பார்க்காத அந்த முகம்தான் தெரிகிறது.